புதிதாக வந்தவர்களைத் தடுப்பூசிக்கு அழைத்துச் செல்வது எப்படி: இங்கிலாந்தில் உதவ முன்வரும் தமிழருக்கு ஒரு வழிகாட்டி

நீங்கள் ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ குரொய்டனிலோ இருப்பீர்கள். கோயிலிலோ தமிழ்ப் பாடசாலையிலோ ஒரு குடும்பம் அறிமுகமாகியிருக்கும். வந்து சில மாதங்கள்தான், தஞ்ச வழக்கு நடக்கிறது, அரசு தங்கவைத்த ஹோட்டலில் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்டால் "பிறகு பாப்பம்" என்று பதில் வரும். அந்தப் "பிறகு பாப்பம்"இற்குப் பின்னால் என்ன இருக்கிறது, அதை எப்படிப் படிப்படியாகத் தீர்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நானும் என்னோடு சேர்ந்து உதவுகிறவர்களும் கவுண்டர் கவுண்டராக அலைந்து தெரிந்துகொண்டவை இவை. நீங்கள் அப்படி அலைய வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்த்தவரை, ஊசி வேண்டாம் என்கிறவர்களில் பெரும்பாலானோர் ஊசிக்கே எதிரானவர்கள் அல்லர். ஊரில் பிள்ளைக்கு ஒரு ஊசி தவறாமல் கிளினிக்குக்குக் கொண்டுபோய்ப் போட்டவர்கள் அவர்கள். இங்கே தடுப்பது வேறு: பணம் கேட்பார்களோ, தஞ்ச வழக்கைத் தீர்மானிக்கும் ஹோம் ஒபிஸுக்கு (உள்துறை அமைச்சு) தகவல் போகுமோ, ஆங்கிலத்தில் என்ன கேட்பார்களோ என்ற பயம். மருத்துவ விளக்கம் சொல்லத் தொடங்குவதற்கு முன் இவற்றைத் தீர்த்து வையுங்கள்.

இங்கே சொல்லும் விதிகள் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சில நடைமுறைகள் வேறு.

1. முதலில் கேளுங்கள்

முதல் சந்திப்பில் துண்டுப் பிரசுரம் எதையும் நீட்டாதீர்கள். "ஊசி எண்டால் என்ன யோசினை, அக்கா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பதில் வரச் சிலவேளை இரண்டாம் மூன்றாம் சந்திப்புக்கூட ஆகும்.

வரும் பதில்கள் ஒரே மாதிரி இருக்காது. கொரோனாக் காலத்தில் வட்ஸ்அப்பில் வந்த வீடியோ ஒருவர் மனதில் நிற்கும். ஊசி மருந்தில் பன்றிக் கொழுப்பு உண்டா என்பது இன்னொருவர் கவலை. வன்னியில் இருந்து வந்த ஒரு பெண், ஊசி போட்டால் பிள்ளை தங்காதாம் என்பார். இதைக் கேட்டுச் சிரித்துவிட வேண்டாம். 2013இல் கிளிநொச்சி மாவட்டத்தின் கரையோரக் கிராமங்கள் சிலவற்றில், பெண்களுக்குச் சரியான விளக்கமும் சம்மதமும் இல்லாமல் கருத்தடைச் சாதனம் வைத்ததாக முறைப்பாடுகள் எழுந்தன. அந்தச் செய்தியோடு வளர்ந்த ஊரில் இருந்து வருகிறவருக்கு அரச வைத்தியத்தின் மேல் சந்தேகம் வருவது நியாயமானது. "அது உண்மையாகவே பயப்பட வேண்டிய விசயம்தான்" என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு, இங்கே போடப்போகும் ஊசியின் பெயர் என்ன, அது எதற்கு, அவர் சம்மதம் இல்லாமல் யாரும் தொட முடியாது என்பதைச் சொல்லுங்கள்.

தடுப்புக்காவலில் சித்திரவதைப்பட்டவர்களும் நம் மத்தியில் இருக்கிறார்கள். பூட்டிய அறையும், முதுகுப் பக்கம் நின்று ஒருவர் கையைப் பிடிப்பதுமே அவர்களுக்குப் போதும், உடம்பு நடுங்கிவிடும். கதையைத் தோண்டிக் கேட்காதீர்கள். "தாதியிடம் முன்கூட்டியே ஏதாவது சொல்லவேண்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். பெண் தாதி வேண்டும், கதவைத் திறந்து வைக்க வேண்டும், எதைச் செய்யும் முன்பும் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்றெல்லாம் கேட்டு வாங்கலாம். சிகிச்சை தேவைப்படுகிறவர்களுக்கு ஃப்ரீடம் ஃப்ரம் டோர்ச்சர் என்ற அமைப்பு இருக்கிறது. அங்கே அனுப்பச் சொல்லி ஜிபியிடமோ (குடும்ப வைத்தியர்) சொலிசிட்டரிடமோ (வழக்கறிஞர்) கேட்கலாம்.

2. ஜிபியில் பதிதல்

தடுப்பூசிக்கான பாதை ஜிபி வழியாகத்தான் போகிறது. பதியாதவருக்கு அழைப்புக் கடிதம் வராது.

பதிவுப் படிவத்தை வாங்கி நிரப்பிக் கொடுக்கலாம். பல இடங்களில் இப்போது ஒன்லைனிலும் பதியலாம். பாஸ்போட், முகவரிச் சான்று, விசா, என்எச்எஸ் (அரச சுகாதார சேவை) இலக்கம் எதுவும் கட்டாயம் இல்லை. இருந்தால் காட்டலாம், அவ்வளவுதான். தஞ்ச விண்ணப்பதாரருக்குத் தரும் ஏஆர்சி அட்டை கையில் இருந்தால் பெயரும் பிறந்த தேதியும் சரியாகப் பதிய உதவும். நிலையான முகவரியே இல்லாதவரைக்கூட அந்த சேர்ஜரியின் (ஜிபி நிலையம்) முகவரியைப் போட்டுப் பதியலாம்.

ஆனால் வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு இந்த விதி தெரியாமல் இருக்கும். "போட்டோ ஐடி இல்லாமல் பதிய முடியாது" என்ற பதிலோடு எங்களைத் திருப்பி அனுப்பிய இடங்கள் உண்டு. அங்கே சண்டை பிடித்தால் நீங்கள் அழைத்துப்போன ஆள்தான் வெட்கப்பட்டு, இனி வரமாட்டேன் என்பார். அமைதியாக இரண்டு விசயங்களைச் செய்யுங்கள். ஒன்று, அடையாள ஆவணம் தேவையில்லை என்று சொல்லும் என்எச்எஸ் பக்கத்தை அச்செடுத்துக் கையில் வைத்திருந்து காட்டுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், "மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள், பிறக்டிஸ் மனேஜரோடு கதைக்க வேண்டும்" என்று கேளுங்கள். பதிய மறுக்கும் சேர்ஜரி 14 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அநேகமாக அந்த இடத்திலேயே படிவம் கிடைத்துவிடும். டொக்டர்ஸ் ஒஃப் த வேர்ல்ட் அமைப்பு தொடங்கிய 'சேஃப் சேர்ஜரி' திட்டத்தில் சேர்ந்துள்ள இடம் பக்கத்தில் இருந்தால் அங்கேயே போய்விடுங்கள், இந்தத் தலையிடி இருக்காது.

இன்னொரு பொறி: ஹோட்டல் முகவரி என்றதும் 'தற்காலிக நோயாளி' என்று பதிந்துவிடுவார்கள். அது மூன்று மாதத்துக்கு உட்பட்டது, தொடர் ஊசிகளுக்கு அழைப்பு வரும் என்று நம்ப முடியாது. நிரந்தரமாகப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

3. பணமும் ஹோம் ஒபிஸும்

இந்த இரண்டையும் நேராகச் சொல்லுங்கள், மழுப்பினால் நம்பமாட்டார்கள்.

ஜிபியில் பதிவதும் தாதியைப் பார்ப்பதும் இலவசம். வழக்கு எந்த நிலையில் இருந்தாலும், நிராகரிக்கப்பட்டிருந்தாலும் இலவசம். தேசிய அட்டவணையில் உள்ள ஊசிகளும் அப்படியே. சின்னமுத்து (தட்டம்மை), காசநோய் போன்ற தொற்றுநோய்களுக்கு ஆஸ்பத்திரியில் சிகிச்சை தேவைப்பட்டாலும் யாரிடமும் காசு கேட்கமாட்டார்கள்.

"அப்ப அந்தப் பொடியனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பில் வந்ததே?" என்று கேட்பார்கள். அதுவும் உண்மையாக இருக்கும். தஞ்ச வழக்கு நடந்துகொண்டிருப்பவருக்கு ஆஸ்பத்திரியும் இலவசம். வழக்கு முற்றாக நிராகரிக்கப்பட்டு அரச உதவியும் இல்லாதவருக்கு இங்கிலாந்தில் சில ஆஸ்பத்திரிச் சிகிச்சைகளுக்குக் கட்டணம் வரலாம். அப்படி வரும் 500 பவுணோ அதற்கு மேலோ இரண்டு மாதம் கட்டாமல் இருந்தால் அந்தத் தகவல் ஹோம் ஒபிஸுக்குப் போகும். தகவல் போகும் என்ற கதை பரவியது இதனால்தான். 2017இல் நோயாளிகளின் முகவரி விபரங்களை ஹோம் ஒபிஸ் பெற ஒரு ஒப்பந்தமும் இருந்தது. எதிர்ப்பு வந்ததும் 2018இல் கைவிடப்பட்டது. ஜிபியில் போடும் தடுப்பூசிக்கு பில்லும் இல்லை, கடனும் இல்லை. எது நடக்கும், எது நடக்காது என்று இப்படிப் பிரித்துச் சொன்னால், "சும்மா பயப்படாதேங்கோ" என்பதைவிடப் பலமடங்கு வேலை செய்யும்.

ஒருபோதும் சொல்லக்கூடாத ஒன்று: "ஊசி போட்டால் கேசுக்கு நல்லது." இதைச் சொல்லி ஆட்களைக் கூட்டிவருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இது பொய். தஞ்ச வழக்குக்கும் ஊசிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வழக்கு தோற்றால் உங்களையும் நம்பமாட்டார், ஊசியையும் நம்பமாட்டார்.

உண்மையான செலவு பஸ் காசுதான். சாப்பாடு தரும் ஹோட்டலில் இருப்பவருக்கு வாரத்துக்குக் கையில் கிடைப்பது பத்துப் பவுண் அளவு. லண்டனில் பஸ்ஸில் போய்வரவே மூன்று நான்கு பவுண் போய்விடும். அந்தக் காசைக் கோயில் நிதியிலிருந்தோ உங்கள் பையிலிருந்தோ சத்தமில்லாமல் கொடுங்கள். மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் வராமல் இருக்க எச்.சி.2 சான்றிதழ் வேண்டும். தஞ்ச உதவி பெறுகிறவர் அதை மைக்ரன்ட் ஹெல்ப் என்ற உதவி அமைப்பு மூலம் பெறலாம். இலக்கம் 0808 8010 503, அழைப்பு இலவசம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். சான்றிதழ் காலாவதியாகும் தேதியைப் பார்த்து வையுங்கள்.

4. ஊர்க் கொப்பியை எடுத்து வாருங்கள்

இந்த இடத்தில்தான் அதிகம் குழப்பம் வருகிறது, அதனால் விபரமாக எழுதுகிறேன்.

இலங்கையில் பிறந்த பிள்ளைக்குக் கிளினிக் கொப்பி இருக்கும். பல அம்மாக்கள் நகையை விட்டுவிட்டு வந்தாலும் அதை விடாமல் கொண்டுவந்திருப்பார்கள். முல்லைத்தீவில் இருந்து வந்த ஒரு அம்மா, பொலித்தீன் பையில் சுற்றி, அதற்கு மேல் ரப்பர் பாண்ட் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு ஊசிக்கும் எதிரே திகதி, மருந்தின் தொகுதி எண், குடும்பநல உத்தியோகத்தரின் கையெழுத்து எல்லாம் இருந்தன. தாதி அதைப் பார்த்துவிட்டு, மகனுக்கு எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ஜேர்மன் சின்னமுத்து மூன்றுக்குமான ஊசி) இன்னும் ஒன்று போடவேண்டும் என்றார். அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ரெண்டும் போட்டாச்சு, கொப்பியில கிடக்கு. எங்கட கொப்பியை நம்பாமல் திரும்பப் போடினமா?"

காரணம் இதுதான். இலங்கையில் எம்எம்ஆர் முதல் ஊசி 9 மாதத்திலும் இரண்டாவது 3 வயதிலும் போடுகிறார்கள். இங்கிலாந்தில் ஒரு வயதுக்கு முன் போட்டதைக் கணக்கில் எடுப்பதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அந்த வயதில் குழந்தையின் உடம்பில் மிஞ்சியிருந்து ஊசியின் பலனைக் குறைக்கக்கூடும் என்பதால். ஊரில் 9 மாதத்தில் போட்டது பிழையல்ல. சிறு குழந்தைகளுக்குச் சின்னமுத்து வரும் ஆபத்தைப் பார்த்து அங்கே அப்படி முடிவெடுத்தார்கள். ஆகவே 3 வயதில் போட்டது முதலாவதாகிறது, இன்னும் ஒன்று பாக்கி. இதை அப்பொயின்ட்மென்டுக்கு முன்பே பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். தாதியின் பத்து நிமிடத்தில் இதை விளக்க நேரம் இருக்காது. அங்கே முதன்முதலாகக் கேட்டால் அவமானமாகவே காதில் விழும்.

கொப்பி இல்லாதவர்கள் கவலைப்படத் தேவையில்லை. பதிவு இல்லை என்றால் போடவில்லை என்று எடுத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து போடுவதுதான் இங்குள்ள விதி. முன்பு போட்டதை மறுபடி போடுவதால் பொதுவாகக் கெடுதல் இல்லை. பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) மட்டும் விதிவிலக்கு, அதை இரண்டாம் முறை போடுவதில்லை. இடது தோளில் தழும்பு இருந்தால் தாதிக்குக் காட்டுங்கள்.

ஊரில் சொந்தக்காரர் இருந்தால் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் கேட்டுப் பிரதி எடுக்கலாம் என்று சிலர் யோசிப்பார்கள். தஞ்சம் கேட்டிருப்பவர் தன் விபரம் அரச அலுவலகம் ஒன்றுக்குப் போவதற்கு முன் சொலிசிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். தூதரகத்துக்குப் போகவே வேண்டாம். ஒரு பதிவுக்காக அந்த ஆபத்து தேவையில்லை. தமிழக முகாம்களில் வளர்ந்து வந்தவர்கள் அங்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டையைக் கொண்டுவந்தால் போதும். மொழிபெயர்ப்புக்குக் காசு கொடுத்து முத்திரை வாங்காதீர்கள். மருந்தின் பெயரும் திகதியும் தெரிந்தால் தாதிக்கு அது போதும்.

5. நேரம் எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்

என்எச்எஸ் இலவசமாக ஏற்பாடு செய்யும், ஆனால் கேட்டால்தான். அன்று காலை போய்க் கேட்டால் கிடைக்காது. நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை, நேரமும் இரட்டிப்பாக வேண்டும் என்று சொல்லுங்கள்.

பத்து வயது மகளை வைத்து அம்மாவின் கர்ப்பம், மாதவிலக்கு பற்றிக் கேட்பதை நான் கண்ணால் பார்த்தேன். அது கூடாது. நீங்களும் மொழிபெயர்ப்பாளராக மாறவேண்டாம். எங்கள் சமூகம் சிறியது. நாளைக்குக் கோயிலில் பார்க்கப்போகிற உங்கள் முன்னால் அவர் எல்லாவற்றையும் சொல்லமாட்டார்.

6. எந்த ஊசி, எத்தனை, எப்போது

பதிவே இல்லாத பெரியவருக்கு இரண்டு வரிசை. ஏற்புவலி (டெட்டனஸ்), தொண்டைக்கரப்பன் (டிப்தீரியா), போலியோ மூன்றுக்கும் சேர்ந்த ஊசி மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மாத இடைவெளி. எம்எம்ஆர் இரண்டு தடவை, அதற்கும் ஒரு மாத இடைவெளி. இரண்டையும் ஒரே நாளில் போடலாம். எல்லாம் ஒழுங்காகப் போனால் மூன்று நடையில், இரண்டு மாதத்தில் முடியும். பிள்ளைகளுக்கு வயதைப் பொறுத்துக் கூடும், தாதி அட்டவணை போட்டுத் தருவார். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூளைக்காய்ச்சல் ஊசியும் உண்டா என்று கேளுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டால் இரண்டு விசயம் சொல்லுங்கள். 2022இல் கென்ட்டின் மான்ஸ்டன் முகாமில் தஞ்சம் கேட்டு வந்தவர்களிடையே தொண்டைக்கரப்பன் தொற்று இருந்தது. அங்கே தங்கியிருந்த ஒருவர் அந்தத் தொற்றோடு நவம்பரில் இறந்தார். 2024இல் இங்கிலாந்தில் 2,900க்கும் மேற்பட்டவர்களுக்குச் சின்னமுத்து உறுதியானது. ஒரே சாப்பாட்டு அறையையும் நடைபாதையையும் பகிரும் ஹோட்டலில் அது எப்படிப் பரவும் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கர்ப்பிணிகளுக்கு எம்எம்ஆர் போடக்கூடாது; போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும். இதைத் தாதி கேட்கும்போது பெண் தனியாக இருக்க வேண்டும், கணவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளுக்குக் குக்கல் (கக்குவான் இருமல்) ஊசி 16 வாரத்திலிருந்து, ஆர்எஸ்வி (சிசுக்களைத் தாக்கும் சுவாச வைரஸ்) ஊசி 28 வாரத்திலிருந்து. இங்கே பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோர் காசநோய் அதிகமுள்ள நாட்டவர் என்பதால், ஒரு மாத அளவில் பிசிஜி தருவார்கள். அழைப்பு வராவிட்டால் மிட்வைஃபிடம் கேளுங்கள்.

பன்றி ஜெலட்டின் பற்றி: சிறுவர்களுக்கு மூக்கில் அடிக்கும் புளூக் காய்ச்சல் தடுப்பு மருந்தில் உண்டு. எம்எம்ஆரில் இரண்டு வகை, ஒன்றில் உண்டு, ஒன்றில் இல்லை. கிழக்கிலிருந்து வந்த முஸ்லிம் குடும்பங்களும் சைவ உணவுக்காரரும் இதைக் கேட்பார்கள். "இல்லை" என்று மூடி மறைக்காதீர்கள். நேரம் எடுக்கும்போதே ஜெலட்டின் இல்லாத எம்எம்ஆரும், மூக்கு மருந்துக்குப் பதிலாக ஊசியும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அன்று வந்து கேட்டால் கையிருப்பில் இருக்காது.

பாடசாலைப் படிவங்களைக் கவனியுங்கள். 12–13 வயதில் எச்பிவி, 13–14 வயதில் ஏற்புவலி வரிசையின் மேலதிக ஊசியும் மூளைக்காய்ச்சல் ஊசியும் பள்ளியிலேயே போடுவார்கள். சம்மதப் படிவம் ஆங்கிலத்தில், இப்போது பெரும்பாலும் ஈமெயில் லிங்காக வரும். பெற்றோர் அதைத் திறக்காமலே விட்டால் பிள்ளைக்கு ஊசி கிடைக்காமல் போகக்கூடும். "கலியாணம் ஆகாத பிள்ளைக்கு எச்பிவி ஏன்?" என்று கேட்பவரிடம், இதே ஊசியை இலங்கைப் பாடசாலைகளிலும் 2017 முதல் பெண் பிள்ளைகளுக்குப் போடுகிறார்கள், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்க என்று சொல்லுங்கள்.

7. ஊசி போடும் நாள்

சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். தோள் வரை சுருட்டக்கூடிய சட்டை. கொப்பி, ஏஆர்சி அட்டை, ஜிபி கடிதம். ஹோம் ஒபிஸ் நேர்காணலுக்கு முந்திய நாளையும் சொலிசிட்டர் நாளையும் தவிர்த்து விடுங்கள்.

பின்விளைவை முன்பே சொல்லாமல் விட்டால் அடுத்த ஊசிக்கு ஆள் வராது. கை ஒன்றிரண்டு நாள் வலிக்கும். எம்எம்ஆர் போட்டு ஒரு வாரம் பத்து நாளில் பிள்ளைக்குக் காய்ச்சலும் லேசான தடிப்பும் வரலாம். பரசிற்றமோல் ஒன்றை முன்கூட்டியே வாங்கிக் கொடுத்து, பிள்ளையின் வயதுக்கு எவ்வளவு என்று பார்மசியில் கேட்டு, தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள். இரவில் பயம் வந்தால் என்எச்எஸ் தொலைபேசி இலக்கம் 111. மொழிபெயர்ப்பாளர் அங்கும் உண்டு, "தமிழ், பிளீஸ்" என்று சொன்னால் போதும். மூச்சுத் திணறினால், முகம் வீங்கினால் அவசர இலக்கம் 999.

அன்றைக்கே தாதியிடம், போட்ட ஊசிகளின் பட்டியலை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். இலவசம். அதைப் போனில் படம் எடுத்து அவருடைய போனிலேயே வையுங்கள்.

8. இரண்டு ஊசிக்கு நடுவில் இடம் மாற்றினால்

இது அடிக்கடி நடக்கும். இன்று லண்டன், சில நாள் அறிவித்தலில் பிரட்ஃபோட். அங்கே தமிழ் ஆள் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம், எத்தனை மாதம் பிந்தினாலும் முதலிலிருந்து போடத் தேவையில்லை என்பதை அவருக்கு நன்றாகச் சொல்லி அனுப்புங்கள். புதிய இடத்தில் முதல் வாரத்திலேயே ஜிபியில் பதியவேண்டும். நீங்கள் போனில் கூப்பிட்டு, புதிய சேர்ஜரியோடு பேச ஒரு நேரம் ஒதுக்குங்கள். ஊசி பாதியில் நிற்பதற்கு மனமாற்றத்தைவிட இந்த இடமாற்றமே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

9. கோயிலில், தமிழ்ப் பாடசாலையில் கூட்டம் வைப்பதானால்

'தடுப்பூசி விழிப்புணர்வு' என்று பலகை போட்டால் ஏற்கெனவே போட்டவர்கள்தான் வருவார்கள். சனிக்கிழமை பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோர் காத்திருக்கும் நேரத்தில் ஜிபி படிவம் நிரப்ப ஒரு மேசை போடுங்கள். படிவத்துக்கு வருகிறவர் ஊசிக் கேள்வியையும் கொண்டுவருவார். தமிழ் பேசும் தாதியோ பார்மசிஸ்டோ ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. மருத்துவக் கேள்விக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் அல்ல.

அண்மையில் வந்து ஊசி போட்டு முடித்த ஒருவர் பேசினால், நாற்பது வருடம் இங்கே இருக்கும் எங்களைப் போன்றவர் பேசுவதைவிட எடுபடும். ஆனால் அவரை மேடையில் ஏற்றிப் படம் எடுக்காதீர்கள். தஞ்சம் கேட்டிருப்பவரின் முகம் முகநூலில் வருவது ஊரில் உள்ள குடும்பத்துக்கு ஆபத்து. வந்தவர் பெயர்ப் பட்டியலை வட்ஸ்அப் குழுவில் போடுவதும் அப்படித்தான்.

எல்லாம் கேட்டுவிட்டு ஒருவர் வேண்டாம் என்று சொன்னால், சரி என்று விடுங்கள். ஜிபி பதிவு, எச்.சி.2, பாடசாலை இடம் எதிலும் உங்கள் உதவி குறையக்கூடாது. அடுத்த மாதம் வேறொரு வேலையாகப் போகும்போது, மறந்துபோன மாதிரி இல்லாமல், "அந்த ஊசி விசயம் என்ன மாதிரி, அக்கா?" என்று ஒரு தடவை கேளுங்கள். அனேகமானவர்கள் இரண்டாம் தடவை கேட்கும்போதுதான் திகதி கேட்பார்கள்.